மூன்று வாய்க்கு மூன்று காரணம்

எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு ஈறு வளர்ந்து பல்லை மூடியிருந்தது. அப்பாவுக்கு, அப்பாவின் அக்காவான அத்தைக்கு, எனக்கு. மூன்று பேருக்குமே கையிலும் கழுத்திலும் முதுகிலும் அடர்த்தியாக முடி. மூவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம். அப்பாவுக்கு மாத்திரையால் வந்தது. அத்தைக்கு வெற்றிலையால். எனக்கு, சின்ன வயதில் ஐஸ் கட்டியைக் கடித்துக் கடித்துத் தின்றதால். முடிக்கு மட்டும் யாரும் காரணம் தேடவில்லை. "அவங்க பக்கத்துக்கே முடி ஜாஸ்தி" என்று அம்மா சொல்லிவிடுவார்.

ஈறு என்றால் வீங்கி ரத்தம் கசியும் ஈறு இல்லை. வெளிர் சிவப்பாக, கெட்டியாக, வலியே இல்லாமல் வளரும். பல்லின் நுனி மட்டும் அரிசி போலத் தெரியும். அப்பா முறுக்கைத் தேநீரில் ஊறப்போட்டுத்தான் சாப்பிடுவார். ரொட்டி சானாயைப் பருப்பில் முக்கி, கையாலேயே பிசைந்து விழுங்குவார். எனக்குப் பதினைந்து வயதில் கிள்ளானில் இருந்த பல் கிளினிக்கில் ஈற்றை வெட்டிச் சரிசெய்தார்கள். ஒரு வருஷம் நன்றாகச் சிரித்தேன். பிறகு மெதுவாக மறுபடி வளர்ந்து மூடிவிட்டது. முடி விஷயத்துக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொமுட்டர் ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போவேன். அங்கே பார்லர் வைத்திருந்த அக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "உனக்கு மாசச் சம்பளத்துக்கு ஒரு ஆளே வைக்கலாம் லா" என்று கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கும் வித்தை எங்கள் மூவருக்கும் கைவந்திருந்தது.

அப்பாவின் மாத்திரை வலிப்புக்கு. ஏழு வயதிலிருந்து சாப்பிட்டு வந்தார். வலிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம். வெளியில் கேட்டால் பிரஷர் மாத்திரை என்போம். இருபது வருஷத்துக்கு மேல் அவருக்கு ஒரு தடவைகூட வரவில்லை. நான் பார்த்ததே இல்லை. லைசென்ஸ் எடுக்காததும், ஷா ஆலம் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்ததும்தான் அந்த நோய்க்கு எங்கள் வீட்டில் இருந்த அடையாளம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா நாள் பெயர் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாரத்து மாத்திரைகளைப் போட்டு வைப்பார். அம்மாவுக்கு நிஜமாகவே பிரஷர் உண்டு. அவருடைய மாத்திரைகளுக்கு அதே மாதிரி இன்னொரு டப்பா.

எனக்கு இருபத்தேழு வயதாகும்போது மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்த குடும்பத்தோடு பத்துப் பொருத்தத்தில் எட்டு பொருந்தியது. வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், அப்பா ஏதோ பேச்சில் தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன். இரண்டு நாள் கழித்துத் தரகர் அண்ணன் போன் செய்தார். அம்மா சமையல் செய்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"பொண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லல கா. அப்பா வாயைப் பார்த்துத்தான் யோசிக்கிறாங்க. நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு வந்துட்டா என்ன பண்றதுன்னு."

அப்பா சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். அம்மா ஓடிவந்து போனை அணைப்பதற்குள் முழுவதும் கேட்டுவிட்டது. அவர் தேநீரைக் குடித்து முடித்தார். அன்றைக்கு எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் வந்த கோபத்தில் பாதி அப்பாவின் மேலும் வந்தது. ஏன் சிரித்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, ஆனால் நினைத்தேன்.

இரண்டாவது இடம் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வந்தது. மாப்பிள்ளை ஏர்கண்டிஷன் டெக்னீஷியன். எனக்குப் பிடித்திருந்தது. முதல்முறை அவரும் அவருடைய மாமாவும் மட்டும் வந்து போனார்கள். அப்பா தலையை ஆட்டியதோடு சரி. மூன்று மாதத்தில் பரிசம் போடுவது என்று நாள் குறித்தார்கள். அன்றைக்குத்தான் குடும்பம் முழுவதும் வரும்.

அந்த வாரம் ஒரு மாலை, அப்பாவின் மருந்துப் பையில் இருந்த பெயரை நான் போனில் தட்டிப் பார்த்தேன். நான் போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு ஆபீஸில் கிளார்க். எதையும் தேடிப் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. படித்ததைச் சாப்பாட்டு மேசையில் உரக்கச் சொன்னேன். இந்த மருந்தால் ஈறு தடிக்கும், உடம்பில் முடி கூடும், மருந்தை நிறுத்தினால் பலருக்கு ஈறு இறங்கிவிடும்.

"நிறுத்தினா இறங்குமா?" என்று அப்பா கேட்டார்.

"இறங்கும்னுதான் போட்டிருக்கு பா."

"எவ்வளவு நாள்ல?"

"சில மாசம்."

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அந்த வரியை நான் வாசித்தேனா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வாசித்ததாக ஒரு நாள் நினைவு வரும், வாசிக்கவில்லை என்று மறுநாள். படித்தது அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு மாத்திரையும் சாப்பிடாத எனக்கு ஏன் அதே ஈறு, அதே முடி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாத்திரை என்றால் நிறுத்திவிடலாம். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். சனிக்கிழமை துணி துவைக்கப் போடும்போது அப்பாவின் வேலைச் சட்டைப் பையில் டிஷ்யூவில் சுற்றிய எதுவோ இருந்தது. பிரித்தால் வெள்ளை மாத்திரைகள், ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எனக்கு உடனே புரிந்துவிட்டது. காலையில் அம்மா பார்க்க மாத்திரையை வாயில் போட்டு, ஈற்றுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறி எடுத்துவிடுகிறார். அவர் வாயில் ஒரு மாத்திரையை ஒளிப்பது கஷ்டமே இல்லை.

அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் டிஷ்யூவை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். அப்பா செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

அவர் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். உதட்டை மூடிய சிரிப்பு. "ரெண்டு மாசம்தானே பாப்பா. பரிசம் முடியட்டும், பழையபடி எடுத்துக்கிறேன். இருபது வருஷமா ஒண்ணும் வரல லா. அம்மாகிட்ட சொல்லிடாத."

"ஏதாவது ஆயிடுச்சின்னா?"

"ஆகாது. நீ இத பாரு." வெயில் பக்கம் திரும்பி மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். "இறங்கியிருக்கா? எனக்குக் கண்ணாடியில சரியாத் தெரியல."

குனிந்து பார்த்தேன். இறங்கவில்லை. எள்ளளவும் இறங்கவில்லை. முன்பல் இரண்டும் அதே நுனிதான் தெரிந்தது. அவர் கண்ணை என் முகத்தை விட்டு எடுக்காமல் நின்றார்.

"கொஞ்சம் இறங்கியிருக்கு பா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு நான் நல்ல காரணம் ஒன்றைப் பல வருஷமாகத் தேடியிருக்கிறேன். அவர் மனம் நோகக்கூடாது என்று சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். நிஜம் அது இல்லை. இன்னும் ஒரு மாதத்தில் இறங்கிவிடுமோ என்ற ஆசை எனக்கே இருந்தது. பரிசத்தன்று அவர் வாயைத் திறந்து பேசினாலும் யாரும் டம்ளரைக் கீழே வைக்கக்கூடாது என்று இருந்தது. டிஷ்யூவைக் குப்பையில் போட்டு, மேலே வாழைப்பழத் தோலைப் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு நிம்மதியாக ஒரு நாள் போகவில்லை. அவர் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தால் திரும்பிப் பார்ப்பேன். பாத்ரூமில் நேரமானால் கதவருகில் போய் நிற்பேன், தொண்டையைக் கனைப்பது கேட்டதும் வந்துவிடுவேன். அவருக்கோ உற்சாகம். வாரம் ஒருமுறை அம்மாவுக்குத் தெரியாமல் உதட்டைத் தூக்கிக் காட்டுவார். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சொன்னேன். ஒரு தடவை ஆரம்பித்த பொய் தானே நடந்து போனது.

பரிசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சேலை எடுக்க பிரிக்பீல்ட்ஸ் போனோம். அத்தை வீடு அங்கேதான். அவரும் கூட வந்தார், வாயில் வெற்றிலையோடு. கடைக்காரப் பெண் சேலையை விரித்துக்கொண்டிருந்தபோது அப்பா மூக்கைச் சுருக்கி, "யாரு ரப்பர் எரிக்கிறது?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஊதுவத்தி வாசனை தவிர ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரப் பெண், "இல்லையே அங்கிள்" என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானை விரலால் திருகிக்கொண்டே சுவரைப் பார்த்தபடி நின்றார். பத்து நொடி இருக்கும். பிறகு, "பச்சைதான் நல்லா இருக்கு" என்றார். அங்கே பச்சைச் சேலை எதுவும் இல்லை. அம்மா, "பசி வந்துட்டா இவருக்குக் கண்ணே தெரியாது" என்று சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்காமல் தம்பியின் முகத்தையே பார்த்தார்.

ரயிலில் திரும்பும்போது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளையிலிருந்து மாத்திரை போட்டுக்குங்க பா" என்றேன். "பத்து நாளுக்காக இவ்வளவு நாள் பட்டதை வீணாக்கவா?" என்றார். அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். என் கையைத் தட்டிக் கொடுத்து, "சொல்ல மாட்ட" என்றார். என்னை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அம்மா சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன்.

அது நடந்தது பரிசத்துக்கு நான்கு நாள் முன்பு, காலையில். அப்பா காதிலும் கழுத்திலும் இருந்த முடியை மழித்துக்கொள்ள பாத்ரூமுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. அம்மா இரண்டு தடவை குரல் கொடுத்தார். அதற்குள் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது, சோப்பு நுரையோடு, லேசாகச் சிவந்து. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வந்து பிளாஸ்டிக் கதவை உதைத்துத் திறந்தார். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தலை அடிபட்டு, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் அப்பா கிடந்தார். உடம்பு இன்னும் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அன்றுதான் வலிப்பை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் மாலை வரை கண் திறக்காமலே கிடந்தார், அப்படியே போய்விட்டார். பிறகு இளம் டாக்டர் ஒருவர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, ரத்தத்தில் வலிப்பு மருந்து இல்லவே இல்லை என்றார். ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார்.

"நான்தானே டாக்டர் தினமும் எடுத்துக் குடுப்பேன்," என்றார் அம்மா. அதைச் சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. "ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி. என் மாத்திரையும் வெள்ளை. நான் மாத்திப் போட்டுட்டேனா?"

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். "இல்லம்மா, அப்படியெல்லாம் இருக்காது," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஒரு வருஷம் கழித்து அதே காப்பார் மாப்பிள்ளைக்கே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் தயங்கித் தயங்கி அப்பாவின் ஈறு பற்றிக் கேட்டேன். "அவர் பல்லா? நான் கவனிக்கலையே," என்றார் என் கணவர். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கவனித்திருக்கவில்லை. அன்று முழுவதும் அவரோடு பேச என்னால் முடியவில்லை.

அம்மா எங்களோடு வந்துவிட்டார். அப்பா போன நாளிலிருந்து அவர் யாருக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. தன் மாத்திரையையும் நான் எடுத்துத் தந்தால்தான் விழுங்குவார், அதற்கு முன் உறையில் உள்ள பெயரை மூன்று தடவை படிக்கச் சொல்வார். என் மகளுக்கு ஒரு வயதில் காய்ச்சல் கொதித்தபோது, நான் ஆபீஸிலிருந்து வரும்வரை சிரப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார், ஊட்டவில்லை. நான் கோபப்பட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. பால் பல் விழுந்த இடத்தில் புதுப் பல் வரவேயில்லை, ஈறு மட்டும் தடித்துக்கொண்டே போனது. முதுகில் மெல்லிய கறுப்பு முடி கழுத்திலிருந்து இடுப்பு வரை இறங்கியிருக்கிறது. குளிப்பாட்டும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐஸ் கட்டியை அவள் தொட்டதே இல்லை. போன மாதம் கோலாலம்பூரில் ஒரு பல் நிபுணரிடம் அழைத்துப் போனோம். அந்த டாக்டரம்மா வாயைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், ஒரு தாளை எடுத்து வட்டமும் சதுரமுமாகப் போட ஆரம்பித்தார். குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கிறது என்றார். எனக்கு, அத்தைக்கு என்றேன். அப்பாவுக்கும் இருந்தது, ஆனால் அது வலிப்பு மாத்திரையால் என்றேன்.

"மாத்திரைக்கு முன்னாடி ஈறு எப்படி இருந்துச்சு? யாருக்காவது தெரியுமா?"

அங்கேயே அத்தைக்குப் போன் போட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, பேச்சு மட்டும் தெளிவு.

"உங்கப்பனுக்கு பால் பல்லுலேயே மூடிக்கிச்சு. மாத்திரை அதுக்கு ரொம்பப் பின்னாடி. எனக்கும் சின்னதிலேயே இருந்துச்சு. நான் வெத்தல போட ஆரம்பிச்சதே, கேக்கிறவங்களுக்குச் சொல்லத்தான்."

"அப்பாவுக்கு இது தெரியுமா அத்தை?"

"அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கும், சின்னப் பையன். மாத்திரையாலன்னு வீட்ல சொன்னாங்க, நம்பிட்டான். மாத்திரைன்னா பொண்ணு குடுப்பாங்க. ரத்தத்தில இருக்குன்னா யாரு குடுப்பா?"

டாக்டரம்மா சதுரம் ஒன்றைப் பேனாவால் நிரப்பினார். அது அப்பா. சில குடும்பங்களில் இந்த ஈறும் முடியும் பரம்பரையாக வரும், அதோடு சிலருக்கு வலிப்பும் சேர்ந்து வருவதுண்டு என்றார். மாத்திரை கொஞ்சம் கூட்டியிருக்கலாம், மூலம் அது இல்லை என்றார். நிறுத்தியிருந்தால் இறங்கியிருக்குமா என்று கேட்டேன். "பெருசா இறங்கியிருக்காது," என்றார். பிறகு மகளின் ஈற்றை எப்போது வெட்டுவது, மறுபடி வளர்ந்தால் என்ன செய்வது, வலிப்புக்கான அறிகுறி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். என் கணவர்தான் கேட்டுக்கொண்டார். என் காதில் அது விழவில்லை. உதட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கும் அப்பாவிடம் நான் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

காரிலேயே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் மகள் தூங்கிப் போயிருந்தாள். ஃபெடரல் ஹைவேயில் நெரிசல், சொல்ல நேரம் நிறைய இருந்தது. கேட்டு முடித்ததும் அவர், "அத்தைக்கிட்ட சொல்லணும்," என்றார். என் அம்மாவை அவர் அத்தை என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். எதிரில் உட்கார்ந்து, சட்டைப் பையில் மாத்திரை கிடைத்த நாளிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும், அதனால் அப்பாவுக்கு நான் சொன்ன பொய் வரை ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா கீரையை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப, நான் மாத்திப் போடல."

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் போட்டீங்க."

"ஒரு நாளும் மாத்திப் போடல."

"இல்லம்மா."

அவர் அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், யார் வீட்டுப் பெண்ணையோ பார்ப்பதுபோல.

"அவருக்கு நீ சொன்னதை விடு. உனக்கும் ஆசை இருந்திருக்கும்," என்றார். "பதினோரு வருஷம் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்க."

ஆமாம் என்றேன்.